கொழுந்து சுமந்த குதிரை

எனக்குக் குதிரை என்றாலே ஆகாது. அந்தச் செவலைக் குதிரை எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் வாரமே, கொட்டிலுக்குப் பக்கமாக நடந்து போன என் கொண்டையைப் புல்லுக்கட்டு என்று நினைத்ததோ என்னவோ, பின்னாலிருந்து கவ்வி இழுத்தது. நான் போட்ட கூச்சலில் பங்களா சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது வெளையாடுது புள்ள" என்றார். அன்றைக்கு அவருக்கு ரொட்டி மட்டும்தான் கிடைத்தது, சம்பல் கிடைக்கவில்லை.

அவர் சின்னத்துரையின், அதாவது பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்கார மானேஜரின், குதிரைக்காரர். நான் கொழுந்து எடுக்கிறவள். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனையிலிருந்து டயகமவுக்குப் போகிற ரோட்டில் எங்கள் தேயிலைத் தோட்டம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. துரைமார் தோட்டத்தைச் சுற்ற மோட்டார் சைக்கிளில்தான் போவார்கள். குதிரை ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கும் கிளப்பில் பெருமை பேசவும் மட்டும். எங்கள் சின்னத்துரைக்கு அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதல். கல்யாணமாகாத ஆள், கோபம் வந்தால் காது முதலில் சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும்.

மாசி மாதம் ஒரு காலை, புல்லுக்கட்டோடு கொட்டில் படியில் என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். பாசி பிடித்த படி. வலது கை முழங்கையில் ஒடிந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் பலகை வைத்துக் கட்டினார். அது போதாதென்று நான் கீழே கிராமத்துச் சிங்கள வைத்தியர் வெதமாத்தயாவிடம் கூட்டிப்போய் எண்ணெய்க் கட்டும் போட்டேன். ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார் அவர். இவர் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

அதே வாரம் சின்னத்துரை கொட்டிலுக்கு வந்தார். துரைமார்கள் சேர்ந்து ஒரு நீண்ட சவாரி வைத்திருக்கிறார்களாம். நுவரெலியாவில் புறப்பட்டு, நானுஓயாவில் இறங்கி, லிந்துலை வழியாக டயகமப் பக்கத்துக் கிளப்பு வரை முப்பது மைல், ஒரே நாளில். ரேஸ் மாதிரி முந்தினவனுக்குக் கிண்ணம் இல்லை. வந்து சேர்ந்த குதிரைகளை மிருக டாக்டர் ஒருவர் பார்ப்பார். நொண்டாமல், மூச்சு இரைக்காமல், நெஞ்சு படபடக்காமல் எது நிற்கிறதோ அதற்குத்தான் கிண்ணம். இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"தெனம் பத்து மைல் நடத்த வேணும். ஏத்தம், எறக்கம், ரெண்டும். கை எப்படி?"

"நல்லா இருக்குங்க தொரை."

"ஏலாட்டி இப்பவே சொல்லு. நுவரெலியாவுல இருந்து வேற குதிரைக்காரன் எடுப்பேன்."

"ஏலுங்க தொரை."

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாக என்னிடம் சொன்னார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுகுழலைத் தூக்கி எறிந்தேனா, கீழே வைத்தேனா என்று இப்போது ஞாபகமில்லை.

"ஏலும்னு சொன்னீங்களா? ஒத்தக் கையால அந்தப் பேயப் புடிச்சுக்கிட்டு ரோட்டுல போவீங்களா? லொறி ஒன்னு ஆரன் அடிச்சா ஒங்கள இழுத்துக்கிட்டு ஓடிரும்!"

"ஏலாதுன்னு சொன்னா வேல போயிருமே" என்றார்.

அவர் சொன்னது நிஜம். குதிரை வேலை போனால் மலையில் அவருக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? கவ்வாத்துக் கத்தியை ஒரு கையால் வீச முடியாது. மண்வெட்டியும் பிடிக்க முடியாது. வேலைக்கு ஆகாத ஆளைத் தோட்டம் வைத்துச் சோறு போடாது, பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். பத்துச்சீட்டு வாங்கினவனை வேறு தோட்டமும் சுலபத்தில் சேர்க்காது, அதுவும் ஒடிந்த கையோடு. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? ஆகவே குதிரையை நான் நடத்துவதென்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவர் இல்லை, நான்தான்.

விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளை எழுப்பிப் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் விட்டு, பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போகுமுன் குதிரையோடு மூன்று மைல். சாயந்தரம் கொழுந்து நிறுத்த பிறகு இன்னொரு மூன்று மைல். மூன்றும் மூன்றும் ஆறுதான், பத்து எங்கே? கால் கடுத்தது. மலையில் தேயிலைச் செடிமேல் சாய்ந்து நின்றபடியே தூங்கினேன். கொழுந்து குறைந்தது. கங்காணி இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் எனக்கு அரைப்பேர் போட்டார். முழுநாள் நின்று அரைநாள் பேர்! அவரை நான் ஏசிய ஏச்சில் பக்கத்து நிரைக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவர்மேலும் தப்பில்லை, கூடையைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

அப்போது எங்கள் கூட்டம் எட்டாம் நம்பர் மலையில் எடுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்திலேயே உயரமான மலை. கொழுந்து நிறுக்கிற மடுவம் கீழே ரோட்டோரத்தில், ஒன்றரை மைல் இறக்கம். ஒரு நாளைக்கு மூன்று தடவை முதுகில் கூடையோடு இறங்கி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும். அன்றைக்குப் பகல் நிறுவைக்கு இறங்கும்போது பாதி வழியில் கூடையை இறக்கி வைத்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இறங்கி ஏறினால் மூன்று மைல், மூன்று தடவைக்கு ஒன்பது. கொட்டிலிலிருந்து மலைக்கு வந்து போவதையும் சேர்த்தால் பத்துக்கு மேலேயே வரும். அங்கே ஒரு குதிரை சும்மா நடக்க வேண்டுமென்று நிற்கிறது. இங்கே பன்னிரண்டு பெண்கள் சுமந்துகொண்டு நடக்க மாட்டாமல் சாகிறோம். இது இவ்வளவு நாள் என் மண்டையில் ஏறவில்லையே என்று எனக்கே கோபம் வந்தது.

பக்கத்து நிரைக்காரியிடம் சொன்னேன். அவள் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டாள்.

"அடியாத்தி! தொரை குதிரமேல கொழுந்துச் சாக்கா? ஒன்னய மட்டுமில்லடி, எங்க எல்லாத்தையும் சேத்து அனுப்பிருவாங்க!"

"அப்ப நீயே சொமந்துக்கிட்டு எறங்கு" என்றேன். அவள் மலையைப் பார்த்தாள், மடுவத்தைப் பார்த்தாள். "எத்தன மணிக்குக் கொண்டாருவ?" என்று கேட்டாள்.

ஏற்பாடு இதுதான். பன்னிரண்டு பேர் கொழுந்தும் தனித்தனிச் சாக்கில். எது யாருடையது என்று தெரிய அவரவர் பழைய சேலைக் கிழிசலால் கட்டு. குதிரையின் இரண்டு பக்கமும் ஆறாறு தொங்கும். எடை சின்னத்துரையின் எடைக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். நான் கூட்டிக்கொண்டு இறங்க, மற்றவர்கள் நிற்காமல் எடுப்பார்கள். நான் நடக்கிற நேரத்தில் எனக்குக் கொழுந்து குறையுமே, அதற்கு ஆளுக்கு இரண்டு பிடி என் கூடையில் போடுவார்கள். கங்காணி முதலில் காதைச் சொறிந்தார். கூட்டத்தின் எடை கூடினால் அவருக்குக் கசக்குமா என்ன? "நான் பாக்கல, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மேட்டுப் பக்கம் போய்விட்டார். மடுவத்தில் நிறுக்கிற கணக்கப்பிள்ளை இன்னும் கெட்டிக்காரர். தராசைப் பார்ப்பார், குதிரையைப் பார்க்கவே மாட்டார். சின்னத்துரை எங்கள் பக்கம் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒரு மைலுக்கு முன்னாலேயே கேட்கும். கேட்டதும் குதிரை சவுக்குத் தோப்புக்குள் போய்விடும்.

முதல் நாள் அது சாக்குகளை உதறி எறிந்து, மலை முழுக்கக் கொழுந்தை இறைத்தது. பன்னிரண்டு பெண்கள் குனிந்து பொறுக்கினோம். "ஒன் ஆட்டத்த எங்கிட்டக் காட்டாத, கழுத!" என்று அதன் மூக்குக்கு நேரே நின்று கத்தினேன். குதிரையைக் கழுதை என்று ஏசினால் அதற்கு ரோஷம் வரும் போலிருக்கிறது, தலையைத் தொங்கப் போட்டது. அதற்குப் பிறகு அது உதறவில்லை. மடுவத்துக்கு வந்ததும் தானாக நிற்கும். சாக்குகளை இறக்கிய பிறகு ஒரு துண்டு ரொட்டி கொடுப்பேன். பிறகு வெறுஞ்சாக்கை முதுகில் போட்டு நான் முன்னால் நடந்தால், பின்னால் வரும். பத்தே நாளில் இந்த வழக்கம் அதற்கு நன்றாகப் படிந்துவிட்டது. அதன் வயிறு உள்ளே போய், தொடை இறுகியது. முன்பு அரை ஏற்றத்தில் இரைத்த மூச்சு இப்போது உச்சியில்கூட இரைக்கவில்லை.

சாயந்தரங்களில் அது என் வீட்டுக்காரர் வசம். இடது கையால் வெந்நீர் ஊற்றிக் கால் கழுவி, குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, வைக்கோலால் முதுகைத் தேய்ப்பார். கொழுந்துக் கறை ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. அதை மட்டும் மறுபடி மறுபடி தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னத்துரை கிளப்புப் பக்கம் சவாரி போய்வந்து, "நல்லா நடத்துற. கால் இரும்பு மாதிரி இருக்கு" என்பார். அதை அவர் என்னிடம் துரையின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். நாங்கள் இருவரும் சிரிப்போம். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் சிரித்த அளவு அதற்கு முன் சிரித்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. எண்ணெய்க் கட்டை அவிழ்த்த பிறகும் அவர் கை முழுதாக நீளவில்லை. பாதி மடங்கினபடியே நின்றுவிட்டது. வெதமாத்தயா உதட்டைப் பிதுக்கினார். இனி அவருக்குக் குதிரையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

சவாரிக்கு முந்தின நாள் தோட்டத்து லொறியில் குதிரையும் அவரும் நுவரெலியாவுக்குப் போனார்கள். மறுநாள் ஞாயிறு. கொழுந்து பொங்கி வருகிற காலம், ஆகவே கைக்காசுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போனோம். குதிரை இல்லாததால் பழையபடி முதுகில் கூடையோடு பகல் நிறுவைக்கு இறங்கினோம். மடுவத்தில் வரிசையாக நிற்கும்போது ரோட்டில் குளம்புச் சத்தம் கேட்டது. இரண்டு துரைமார் பாய்ச்சலில் போனார்கள். எங்கள் மேலெல்லாம் சேறு. மூன்றாவதாகத் திருப்பத்தில் தலை நீட்டியது எங்கள் செவலை.

சத்தியமாகச் சொல்கிறேன், சவாரி அந்த வழியாகத்தான் வரும் என்பது தெரிந்தும், அந்த வழியில் மடுவம் இருக்கிறது என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னத்துரை பங்களாவிலிருந்து கிளப்புப் பக்கம் போவார், மடுவம் அதற்கு எதிர்ப்பக்கம். இந்தப் பக்கம் அது என்னோடு மட்டும்தான் வந்திருக்கிறது. வந்தது. மடுவத்தைப் பார்த்தது. நின்றது.

சின்னத்துரை குதிகாலால் உதைத்தார். அசையவில்லை. கடிவாளத்தை இழுத்தார், தட்டினார், இங்கிலீஷில் ஏதோ ஏசினார். அது கழுத்தைத் திருப்பி, வரிசையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கனைத்தது. ஐயோ சாமி! கணக்கப்பிள்ளை தராசுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். துரையின் காது சிவந்துவிட்டது.

சாக்கைப் போட்டால் குதிரை போகும், ஆனால் எல்லாம் வெளியே வந்துவிடும். போடாமல் நின்றால் குதிரையும் நிற்கும், சவாரி பாழாகும், குதிரைக்காரன் கெடுத்துவிட்டான் என்று பழி வரும். இரண்டு பக்கமும் பத்துச்சீட்டுத்தான். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வெறுஞ்சாக்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன்.

"கோவிக்காதீங்க தொரை. ஒரு சாக்குப் போட்டாப் போயிரும்."

"என்ன சாக்கு?"

"கொழுந்துச் சாக்குங்க."

அவர் முழங்காலுக்கு முன்னால் சேணத்தின்மேல் சாக்கை விரித்தேன். குதிரையின் காது நிமிர்ந்தது. நான் கிளப்பு இருக்கிற திசையில் நடந்தேன். அது என் பின்னால் வந்தது. துரை மேலே உட்கார்ந்தபடி வந்தார்.

கொஞ்ச தூரம் போனோம். பிறகு, "எத்தன நாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசமாங்க."

"குதிரைக்காரன் என்ன செஞ்சான்?"

பணிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் இரண்டு மாத நடையும் கெட்ட தூக்கமும் எல்லாம் சேர்ந்து கொட்டிவிட்டது.

"கை ஒடிஞ்சவரு என்ன செய்வாரு தொரை? பத்து மைல் நடத்துன்னு சொன்னீங்க. அந்தக் கட்ட ஒரு தரம் அவுத்துப் பாத்தீங்களா? ஏலாதுன்னா வேற ஆள் எடுப்பேன்னீங்க. அப்பறம் எந்த வாயால ஏலாதுன்னு சொல்லுவாரு? கால் கழுவுறது, கொளம்பு பாக்குறது, தீனி வைக்கிறது எல்லாம் அவருதான். நடந்தது மட்டும் நான். கொழுந்து ஏத்துனதும் நான். ஏசுறதுன்னா என்னய ஏசுங்க."

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பின்னாலிருந்து இன்னும் இரண்டு துரைமார் பாய்ச்சலில் எங்களைத் தாண்டினார்கள். ஒருவர் சாக்கைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் நடந்தே போனோம், பாலம் வரை அரை மைல். அங்கே ஒதுங்கி நின்று குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை அடங்கியிருந்தது, மூச்சும் ஆறியிருந்தது.

"இனிப் போயிரும் தொரை. வெரட்டாதீங்க. அவங்க போறாங்கன்னு நீங்களும் பாஞ்சிறாதீங்க."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சாக்கை எடுக்காமலே குதிரையைத் தட்டிவிட்டுப் போனார். அவர் மறைந்த பிறகுதான் துரைக்கே புத்தி சொல்லிவிட்டு நிற்கிறோமே என்று பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்து அன்றைக்கு என்ன கொழுந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

சாயந்தரம், லொறியில் கிளப்புக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்து குதிரையோடு நடந்து வந்தார். நடந்ததை நான் சொல்ல, அங்கே நடந்ததை அவர் சொன்னார். பாய்ச்சலில் போன குதிரைகளில் ஒன்று நொண்டியதாம். மற்றவை நின்ற இடத்தில் வயிறு துடிக்க இரைத்தனவாம். எங்கள் செவலை நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர், நம்பாமல் இரண்டாம் தரமும் வைத்துக் கேட்டாராம். கிண்ணம் எங்கள் சின்னத்துரைக்குத்தான். சாக்கை என்னவென்று மற்றத் துரைமார் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்களாம்.

"ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒன்னுமே சொல்லல புள்ள" என்றார். "அதான் பயமாக் கெடக்கு."

மறுநாள் பெரட்டில் சின்னத்துரை எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். "குதிரைக்காரன்!" என்று கூப்பிட்டார். கொட்டிலிலிருந்து ஆள் விட்டு அழைத்திருந்த என் வீட்டுக்காரர் முன்னால் போனார்.

"கையை நீட்டு."

நீட்டினார். பாதியில் நின்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க தொரை."

துரை அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதைப் பார்த்தேன், சிவக்கவில்லை. பிறகு கங்காணி பக்கம் திரும்பினார். "இனி எட்டாம் நம்பர் கொழுந்து குதிரையில போகும். இவன் கொண்டுபோவான். தெனமும்." பிறகு என்னைத் தேடிப் பார்த்து, "நீ கொழுந்து எடு. கத பேசாத" என்றார். பெரட்டே சிரித்தது.

பாருங்கள் நியாயத்தை! இரண்டு மாதம் நடந்தது நான். கிண்ணம் துரைக்கு, வேலை என் வீட்டுக்காரருக்கு, எனக்குக் "கத பேசாத." ஏற்றம் ஏறும்போது வழி முழுக்க முணுமுணுத்தேன். ஆனாலும் அன்றைக்குக் கை தானாக ஓடியது.

பத்து மணி வெயிலுக்கு அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு எட்டாம் நம்பருக்கு ஏறி வந்தார். மடங்கிய கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என் நிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் கொழுந்தை விட்டுவிட்டுப் பார்த்தேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். விடியுமுன் அவர் கொட்டிலுக்குப் போய்விடுவார், இருட்டிய பிறகு வருவார், ஞாயிறு துரையோடு போய்விடும். குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான் அவர் முகம் எனக்குப் பழக்கம். வெயிலில், நிதானமாக, அன்றைக்குத்தான் பார்த்தேன். மீசையில் பாதி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"என்னங்க, கெழவனாயிட்டீங்களே!" என்றேன்.

அவரும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒனக்கு மூக்குக்கிட்ட ஒரு மச்சம் இருக்கே" என்றார்.